லண்டனில் ஒரு மாலை: எந்த இசை நாடகத்துக்குப் போவது?

பேரப்பிள்ளையைப் பார்க்க லண்டன் கிளம்பும் பெற்றோர் சேலத்தில் இப்போது தெருவுக்குத் தெரு உண்டு. அஸ்தம்பட்டியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: “மாப்பிள்ளை இசை நாடகத்துக்கு டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்கிறார், தம்பி. ‘லே மிசரபிள்’, ‘ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா’ இரண்டில் எதைச் சொல்லட்டும்?” தயங்காமல் முதலாவதைச் சொன்னேன்.

இரண்டும் பிரெஞ்சு நாவல்களிலிருந்து பிறந்தவை. ‘லே மிசரபிள்’ 1985 அக்டோபரில் லண்டனில் மேடையேறியபோது விமர்சகர்கள் பலர் கரித்துக் கொட்டினார்கள். மக்கள்தான் தூக்கி நிறுத்தினார்கள். ‘ஃபேன்டம்’ அடுத்த அக்டோபரில் வந்தது. கொரோனாக் கால இடைவெளி போக, இரண்டும் இன்றுவரை நடக்கின்றன. பிக்கடில்லி சர்க்கஸ் ரயில் நிலையத்தில் இறங்கினால் இரண்டு அரங்குகளுக்கும் நடந்தே போய்விடலாம்.

கண்ணுக்கு விருந்து வேண்டுமென்றால் ‘ஃபேன்டம்’தான். பார்வையாளர் தலைக்கு மேல் தொங்கும் சரவிளக்கு மேடையை நோக்கிப் பாய்ந்து இறங்கும். நிலவறை ஏரியில் படகு போகும்போது சுற்றிலும் மெழுகுவத்திகள் எழும். கதை எளிது: முகமூடிக்காரன் ஒருவன் பாடகி ஒருத்தியின் மீது கொண்ட வெறி. ஆங்கிலம் பிடிபடாவிட்டாலும் குறையில்லை. ஆனால் 2025இல் அந்த நாடகம் மும்பைக்கே வந்து போனது. லண்டனில் கிடைப்பது ஒரே மாலை என்றால் அதை இதற்குக் கொடுக்க எனக்கு மனம் வராது.

‘லே மிசரபிள்’ நமக்குப் பழகிய கதை. விக்தோர் ஹ்யூகோவின் இந்த 1862 நாவலைச் சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழாக்கினார். 1950இல் அதே பெயரில் படமும் வந்தது. விடாமல் துரத்தும் ஜாவர் என்ற போலீஸ் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு அந்தப் பெயரே கடைசிவரை ஒட்டிக்கொண்டது. ரொட்டி திருடிப் பத்தொன்பது ஆண்டு சிறையிருந்தவன், அடைக்கலம் தந்த பாதிரியாரின் வெள்ளிச் சாமான்களையும் திருடிப் பிடிபடுகிறான். “நான் கொடுத்தவைதான்” என்று காவலர்களிடம் சொல்லும் பாதிரியார், அவன் விட்டுச்சென்ற இரண்டு வெள்ளி விளக்குத்தண்டுகளையும் எடுத்து அவன் கையில் வைக்கிறார். நாடகம் தொடங்கிச் சில நிமிடங்களில் வரும் இந்தக் காட்சிக்கு அரங்கமே மூச்சடங்கிப் போகும்.

வசனம் ஏறக்குறைய இல்லை; எல்லாம் பாட்டு. சேலம் மாவட்டத்துக் கூத்தில் விடிய விடிய தர்க்கப் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஜாவரும் அவன் துரத்தும் மனிதனும் எதிரெதிரே நின்று ஒரே நேரத்தில் வெவ்வேறு வரிகளைப் பாடி மோதும் இடம், என் கண்ணுக்குக் கூத்து மேடையின் தர்க்கமேதான். இன்றைய தயாரிப்பில் ஹ்யூகோ வரைந்த ஓவியங்களைத் தழுவிய காட்சிகள் பின்னணியில் விரிகின்றன.

குறையும் உண்டு. இடைவேளையோடு ஏறக்குறைய மூன்று மணி நேரம் உட்கார வேண்டும்; சாவுகள் அதிகம்; ஆங்கில வரிகள் வேகமாக ஓடும். கதையைத் தமிழில் படித்துவிட்டுப் போவது அவசியம். 2010இல் நடந்த இருபத்தைந்தாம் ஆண்டுக் கச்சேரியின் பதிவு பாடல்களைக் காதுக்குப் பழக்கிக்கொள்ள நல்லது. அதில் ஒலிவாங்கியின் முன் நின்றுதான் பாடுகிறார்கள். நாடகத்துக்கு அது ஈடாகாது.

‘ஃபேன்டம்’ போனால் சரவிளக்குக்காகவே கீழ்த்தளத்தில் காசு செலவழிக்கலாம். ‘லே மிசரபிள்’ளுக்கு மேல்தளத்து மலிவு டிக்கெட்டே போதும். சனிக்கிழமை பகல் காட்சி உண்டு. முட்டிவலிக்காரர்கள் அதற்கே போகட்டும்.