பழைய காருக்குக் கார்ப்பெட் மாற்றக் கொடுக்கிறீர்களா? பெங்களூரில் எனக்கு நடந்ததைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புதுக் கார்ப்பெட் போடக் கொடுக்கப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுத்து இதைப் படியுங்கள். பெங்களூரில் ஜே.சி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கும் கடை, செய்யாத வேலைக்கு என்னிடம் காசு வாங்கியது. நான் கொடுத்த கம்பளிக் கார்ப்பெட்டில் பாதியை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் மட்டமான துணியை ஒட்டிக் கொடுத்தது. எல்லாவற்றையும்விட மோசம், பெட்ரோல் பைப்புக்கு ஒரு விரல் அகலம் தள்ளி ஸ்க்ரூ முடுக்கி அனுப்பியது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

வண்டி 1967 எம்.ஜி.பி. இப்போது ஹெக்டார் விற்கிற எம்.ஜி.யைச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான கார் இது. என்னுடையது இரண்டு சீட் உள்ள திறந்த மாடல். எச்.ஏ.எல்.லில் வேலை பார்த்த என் சித்தப்பா பல வருஷம் ஆசையாக ஓட்டினார். முட்டிவலி வந்து கிளட்சை மிதிக்க முடியாமல் போனதும் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே கார்ப்பெட் மட்டும் நைந்து, டிரைவரின் குதிகால் படும் இடத்தில் ஓட்டையாகி இருந்தது. இங்கிலாந்திலிருந்து, வலது பக்க ஸ்டியரிங் வண்டிக்கென்று வெட்டித் தைத்த கம்பளி செட் ஒன்றை வரவழைத்தேன். சுங்கவரியோடு சேர்த்துப் பெரிய தொகை.

இந்த வண்டிக்குத் தனியாகச் சேஸி கிடையாது. தரைத் தகடு, நடுவில் கியர்பாக்ஸை மூடிப் போகும் மேடு, கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் சில், இவையெல்லாம் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. இவற்றில் துரு ஏறினால் வண்டியின் முதுகெலும்பே போச்சு. கூரையோ துணி. எவ்வளவு கவனமாக மூடினாலும் பெங்களூர் மழைக்குத் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். அதனால் கார்ப்பெட் மாற்றும்போது பழசை முழுக்க உரித்து, தகட்டை வெறுமையாகப் பார்த்து, துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்த பிறகுதான் புதுசை வைக்க வேண்டும்.

இதையெல்லாம் கடையில் உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னேன். பொறுப்பாளர் தமிழில் பேசினார். "நானும் தருமபுரிதான் சார். நம்ம ஊர்க்காரர் வண்டியில தப்பு பண்ணுவேனா? தரையை வெள்ளையா சுரண்டி, எபாக்சி அடிச்சு, ஒவ்வொரு ஸ்டேஜும் போட்டோ அனுப்பறேன்" என்றார். துருவைத் தடுக்க அடிக்கும் எபாக்சி பிரைமரைப் பற்றி, ஸ்டேஜ் பற்றி எல்லாம் அவர் வாயிலிருந்தே வந்தது. விஷயம் தெரிந்தவர் என்று யாருக்கும் தோன்றும்.

வந்தது ஒரே ஒரு போட்டோ. சாம்பல் நிறத்தில் பெயின்ட் அடித்த தகடு, கிட்டத்தில் எடுத்தது. அது எந்த வண்டியின் எந்த இடமாகவும் இருக்கலாம். நேரில் வருகிறேன் என்றபோதெல்லாம், "இப்ப வேணாம் சார், பசங்க கை நின்னுடும்" என்றே பதில். வண்டியைக் கொடுத்தது இருட்டிய பிறகு. டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாம் கறுப்பாக, பளிச்சென்று இருந்தது. பில் ரூ. 46,500. அதில் துரு நீக்கம், எபாக்சி பிரைமர், சத்தம் குறைக்கும் ஷீட், ஃபிட்டிங் என்று வரிவரியாகப் போட்டிருந்தார்கள். அந்தப் பில்லைத் தயவுசெய்து யாரும் தொலைக்காதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதல் அடி டவுன்ஹால் தாண்டிய மேம்பாலத்தில் விழுந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், வேகம் குறையவில்லை. கிளட்சை மிதித்து, சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தி, ஓரம் கட்டினேன். பின்னால் பி.எம்.டி.சி. பஸ். பெடலுக்குப் பக்கத்தில் கார்ப்பெட்டுக்கு அடியில் கனமான ஃபோமை வைத்து ஒட்டியதில், கார்ப்பெட்டின் விளிம்பு மேலே எழும்பி பெடலைப் பிடித்துக்கொண்டிருந்தது. இதைச் சின்ன விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2009-இல் அமெரிக்காவில் டொயோட்டா சுமார் 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது, தரை மேட் ஆக்சிலரேட்டரில் சிக்கும் ஆபத்துக்காகத்தான். கடைக்குப் போன் செய்தால், "புது மேட்டிங் சார், மிதிக்க மிதிக்க அமுங்கிடும்" என்றார்.

அப்புறம் பேட்டரி. 1967 எம்.ஜி.பி.யில் ஆறு வோல்ட் பேட்டரிகள் இரண்டு, சீட்டுக்குப் பின்னால் ஒரு மூடிக்கு அடியில் இருக்கும். அந்த மூடியின் மேல் கார்ப்பெட் தூக்கிப் பார்க்கிற மாதிரிதான் இருக்க வேண்டும். இவர்கள் மூடியோடு சேர்த்து, நாலு பக்கமும் சொல்யூஷன் தடவி ஒட்டியிருந்தார்கள். கியர்பாக்ஸ் ஆயில் அளக்கும் குச்சியும் வண்டிக்கு உள்ளிருந்துதான் எடுக்க வேண்டும். நடு மேட்டில் ஒரு ரப்பர் அடைப்பு இருக்கும், அதைக் கழற்றினால் குச்சி. அதற்கு மேலும் கார்ப்பெட் ஒட்டியாகிவிட்டது. இந்த வண்டியை ஒருமுறை சர்வீஸ் செய்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்.

மழை வந்தது. உள்ளே ஊறிய சணல் சாக்கு நாற்றம். புதுக் கார்ப்பெட்டுக்கு அந்த நாற்றம் எப்படி வரும்?

அல்சூரில் குஷன் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். நாற்பது வருஷமாக ரெக்சினும் ஊசியுமாக இருப்பவர், நல்ல தமிழ். கையைத் தரையில் வைத்து அழுத்தியதும், "தம்பி, அடியில பழசு இருக்கு" என்றார். சீட்டைக் கழற்றி ஓரத்தை உரித்தோம். அவர் சொன்னது சரி. பழைய சணல் ஃபெல்ட் அப்படியே, பிழிந்தால் தண்ணீர் வரும் பதத்தில் கிடந்தது. அதன் மேலேயே புதுசை ஒட்டியிருந்தார்கள். ஃபெல்ட்டைத் தூக்கியபோது அடியில் துரு ஓடு ஓடாகச் சேர்ந்து வந்தது. டிரைவர் பக்கம் தரையில் ஒரு இடத்தில் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்ததும் உள்ளே போய்விட்டது. பில்லில் இருந்த எபாக்சி ஒரு சொட்டு அங்கே இல்லை. சத்தம் குறைக்கும் ஷீட்டும் இல்லை. சீட் முன்னும் பின்னும் நகரும் ரன்னருக்கு அடியில் வர வேண்டிய மரப் பட்டைகளையும் காணோம்.

பின்பக்கம் சக்கர வளைவின் மேல் இருந்த துணியைத் தடவிப் பார்த்த பெரியவர், "இது உங்க செட்டு இல்லையே" என்றார். நடு மேட்டின் துண்டிலிருந்து நாலு இழை, வளைவிலிருந்து நாலு இழை பிடுங்கினார். லைட்டரைக் கொளுத்தினார். முதல் இழை சுருண்டு, தலைமுடி பொசுங்கும் வாசனை வந்தது. நெருப்பை எடுத்ததும் தானே அணைந்தது, விரலில் நசுக்கியதும் சாம்பலாக உதிர்ந்தது. அது கம்பளி. இரண்டாவது இழை உருகி, கறுப்பாக ஒரு கெட்டி மணியாக நின்றது, நசுக்க முடியவில்லை. அது பிளாஸ்டிக் நூல். பின்பக்கத் துண்டுகள் முழுவதும் அப்படித்தான். இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் இழையைப் பிடுங்கி, வண்டியை விட்டுத் தள்ளி வந்து கொளுத்துங்கள். பெட்ரோல் வண்டிக்குள் வேண்டாம்.

கார்ப்பெட்டைப் பிடித்திருந்த ஸ்க்ரூக்களைக் கடைசியாகப் பார்த்தோம். தானே துளைத்து இறங்கும் நீள ஸ்க்ரூ, கண்ட இடத்தில் எல்லாம். வண்டியைத் தூக்கி டார்ச் அடித்தபோது அவற்றின் கூர்முனைகள் தகட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தன. தரையை ஒட்டிப் பெட்ரோல் பைப்பும் பிரேக் பைப்பும் பேட்டரி கேபிளும் போகும் வழி அது. ஒரு முனை பெட்ரோல் பைப்புக்கு விரல் அகலத்தில். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. சித்தப்பா பொத்திப் பொத்தி வைத்திருந்த வண்டி. பக்கத்து சீட்டில் என் மகளை உட்காரவைத்து ஓட்டியிருக்கிறேன்.

கடையில் போய்க் கேட்டபோது தருமபுரி மறந்துபோயிருந்தது. "பழைய வண்டிக்கு கேரன்டி இல்ல சார். உங்க கிட்டு சைஸ் சரியில்ல, அதான் வேற போட்டோம்." சரி, அப்படியென்றால் மீதித் துண்டுகள் எங்கே என்று கேட்டேன். பதில் இல்லை.

வேலையைப் பெரியவரும் அவருக்குத் தெரிந்த ஒரு டிங்கரும் சேர்ந்து மறுபடி செய்தார்கள். கூடவே நின்று பார்த்தேன், அவர்கள் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. ஓட்டை விழுந்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்தார்கள். பட்டி வைத்து மூடவில்லை. கம்பி பிரஷ் போட்டுத் துருவை எடுத்து, எபாக்சி பிரைமர், அதன் மேல் பெயின்ட். ஃபெல்ட்டுக்குப் பதிலாகத் தண்ணீர் குடிக்காத ஃபோம், அதுவும் பெடல் பக்கம் போகாமல். நடு மேட்டுக்கு மட்டும் சூடு தாங்கும் சொல்யூஷன், ஏனென்றால் கியர்பாக்ஸ் சூடு அங்கேதான் ஏறும். தகட்டிலும் துணியிலும் இரண்டிலும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அமுக்கிக்கொண்டு போனார். தரைத் துண்டுகளை ஒட்டவே இல்லை. டிச் பட்டன் வைத்தார். நனைந்தால் கழற்றி வெயிலில் போடலாம்.

கார்ப்பெட்டில் போல்ட் துளை போடப் பெரியவர் டிரில்லைத் தொடவில்லை. அடியிலிருந்து துளை வழியாகக் கோணூசியை மேலே குத்தி, அது எட்டிப் பார்த்த இடத்தில் கத்தியால் சின்னதாகக் குறுக்குக் கீறல் போட்டார். டிரில் போட்டால் முனை நூலைச் சுற்றி இழுத்துவிடும், துளையிலிருந்து ஒரு கோடு கார்ப்பெட் நெடுக உருவிக்கொண்டு வரும். அந்தக் கடைக்காரர்கள் செய்த வேலையில் அப்படி ஒரு கோடு நடு மேட்டில் இன்னும் இருக்கிறது. அந்தத் துண்டை மாற்ற இங்கிலாந்துக்கு மறுபடி எழுதியிருக்கிறேன்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். கடை அசையவில்லை. அதன்பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், ஆன்லைனிலும் கொடுக்கலாம். நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். எனக்குக் கைகொடுப்பது, செய்யாத வேலையை வரிவரியாகப் போட்ட அந்தப் பில்லும், உரிக்கும்போது எடுத்த வீடியோவும்தான். பெரியவர் தன் கையெழுத்தில் ஒரு அறிக்கையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இந்தப் பக்கத்துக் கடைகளில் சமீபத்தில் பழைய வண்டிக்குக் கார்ப்பெட் போட்டவர்கள், அடுத்து வண்டியை எடுப்பதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். இன்ஜினை அணைத்து வைத்து, ஆக்சிலரேட்டரைக் கையால் முழுக்க அமுக்கி விடுங்கள், தடையில்லாமல் மேலே வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் மெக்கானிக்கிடம் போய் வண்டியைத் தூக்கச் சொல்லி, அடியில் ஸ்க்ரூ முனை ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போட்டோ எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். அதே கடை என்று சந்தேகம் இருப்பவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், பில்லின் படத்தையும் அனுப்புங்கள்.