ஒரே தோட்டம், மூன்று மண்: பசளையை எதைப் பார்த்துப் பிரிப்பது?

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் ஒரு தென்னந்தோட்டத்தைக் கடல் பக்கமிருந்து வாவிப் பக்கம் வரை நடந்து பாருங்கள். குருக்கள்மடம், செட்டிபாளையம், களுவாஞ்சிக்குடி என்று எந்த ஊரானாலும் காலுக்குக் கீழே மண் மாறிக்கொண்டே வரும். கடலோரம் கால் புதையும் வெள்ளை மணல். நடுவில் சருகும் சாணமும் மக்கிக் கறுத்த மணல். வாவியை நெருங்கினால் மாரியில் தண்ணீர் நிற்கும் களிமண். எங்கள் குடும்பத் தோட்டமும் இப்படித்தான். தேங்காய் பிடுங்க வருகிற ஐயா கடல் பக்க வரிசைக்கு வந்ததும் சொல்வார்: "இஞ்சால ஏறி இறங்கிற கூலிக்கும் காணாது மனே." நடு வரிசைக்குப் போனதும் அவர் முகம் மாறிவிடும்.

ஒரே காலத்தில், ஒரே நாற்றில் வைத்த மரங்கள் இவை. அப்படியிருந்தும் காய்ப்பு இவ்வளவு வேறுபடுகிறது. பசளை விலை ஏறிக் கிடக்கிற இந்தக் காலத்தில் எந்த மரத்துக்கு எவ்வளவு என்பதை எதைப் பார்த்து முடிவு செய்வது? நம் பகுதியில் மூன்று வழிகள் இருக்கின்றன: எல்லா மரத்துக்கும் ஒரே அளவு போடுவது, மண்ணையும் ஓலையையும் பரிசோதித்துப் போடுவது, காயை எண்ணிப் பார்த்துப் போடுவது.

ஒரே அளவு என்பதுதான் பெரும்பாலானோர் வழி. லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையம் காய்க்கிற மரத்துக்குச் சொல்லும் கலவைகளில் ஒன்று வருடத்துக்கு 3 கிலோ. அதில் யூரியா 800 கிராம், எப்பாவல பொஸ்பேட் 600 கிராம், பொட்டாசியம் தரும் மியூரியேட் ஒஃப் பொட்டாஷ் 1,600 கிராம். இதோடு தனியாக மக்னீசியம் உள்ள சுண்ணாம்புக்கல் தூளான டொலமைட் 1 கிலோ. 26 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 64 மரம் என்றால், ஏக்கருக்கு 192 கிலோ கலவை, கிட்டத்தட்ட நான்கு மூட்டை. கணக்கு லேசு, கூலியாளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் லேசு. ஒன்றுமே போடாமல் விட்ட தோட்டத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

ஆனால் வெள்ளை மணலுக்குச் சத்தைப் பிடித்துவைக்கும் சக்தி இல்லை. ஐப்பசியில் மொத்தமாகப் போட்டதைக் கார்த்திகை மழை வேருக்குக் கீழே இறக்கிவிடும். அதே மூட்டை நடுத்தோட்டத்தில் வருடம் முழுக்க வேலை செய்யும். வாவிப் பக்கக் கதை வேறு. அங்கே மண்ணில் சத்து உண்டு, காய்தான் இல்லை. நீர் தேங்கி வேருக்குக் காற்றில்லாதபோது பசளை என்ன செய்யும்? அந்த மரங்கள் வடிகால் கேட்கின்றன. ஒரே அளவில் போடுகிறவர் இரண்டு ஓரத்திலும் பணத்தை இழந்து, நடுவில் மட்டும் பலனைக் காண்கிறார்.

சரி, மண் பரிசோதனை? தோட்டம் முழுக்க ஒரு கலவை மாதிரி எடுத்து அனுப்பினால் அது பிரயோசனமில்லை. வெள்ளை மணலையும் களிமண்ணையும் ஒரே வாளியில் கலந்தால் வருகிற எண் தோட்டத்தில் எந்த இடத்துக்கும் சொந்தமில்லாத எண். மூன்று பகுதிக்கும் தனித்தனி மாதிரி வேண்டும், அதுவும் பசளை போடுகிற வட்டத்துக்குள் இருந்து. ஓலைப் பரிசோதனை இன்னும் நுட்பமானது: முழுதாக விரிந்த முதல் மட்டையை ஒன்று என்று வைத்துப் பதினான்காவது மட்டையின் நடு ஓலைகளை எடுப்பார்கள். மண்ணில் என்ன இருக்கிறது என்பதை மண் பரிசோதனை சொல்லும். அதில் எவ்வளவு மரத்துக்குள் போய்ச் சேர்ந்தது என்பதை ஓலை சொல்லும். எங்கள் வாவிப் பக்க வரிசை போன்ற இடத்தில் இந்த வேறுபாடுதான் முக்கியம்.

செலவில்லாத ஓலை வாசிப்பும் ஒன்று உண்டு. அடி மட்டைகளில் துருப்பிடித்தது போலச் செம்மஞ்சள் புள்ளி விழுந்து நுனி கருகினால் பெரும்பாலும் பொட்டாசியக் குறை. அடி மட்டையில் வெயில் படும் பக்கம் மஞ்சளாகி, நிழல் விழும் இடம் பச்சையாகவே நின்றால் மக்னீசியக் குறை. மணலில் பொட்டாஷை மட்டும் அள்ளிப் போடுகிறவர் கவனிக்க வேண்டும்: பொட்டாசியம் கூடினால் மரம் மக்னீசியத்தை எடுப்பது குறையும். டொலமைட்டைச் சேர்த்துச் சொல்வது இதற்காகத்தான்.

மூன்றாவது வழியான காய் எண்ணுவதைப் பலர் ஒரு வழியாகவே மதிப்பதில்லை. எனக்கு அதில்தான் நம்பிக்கை. வருடத்துக்கு ஆறு பறிப்பு. ஒவ்வொரு பறிப்பிலும் வரிசைவாரியாகக் குவித்து எண்ணி ஒரு கொப்பியில் எழுத அரை நாள் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். இரண்டு வருடம் எழுதினால் மண்ணின் படம் தானாக விழும்: எண்ணிக்கை எங்கே சட்டென்று இறங்குகிறதோ அங்கே மண்ணும் மாறியிருக்கும்.

ஏன் இரண்டு வருடம்? பாளை வெடித்ததிலிருந்து காய் முற்ற 11, 12 மாதம் ஆகும். அந்தப் பாளையின் கரு குருத்துக்குள் உருவானது அதற்கும் இரண்டு வருடத்துக்கு மேல் முன்னால். இன்று பிடுங்கும் காயில் இருப்பது மூன்று வருடத்துக்கு முந்திய மழையும் பசளையும். இந்த வருட மண் அறிக்கையை இந்த வருடக் காயோடு பொருத்திப் பார்க்கிறவர் இதில்தான் ஏமாறுகிறார். போன மாரியில் பசளை போட்டும் காய்க்கவில்லை என்று இந்தக் கோடையில் நிறுத்திவிடுகிறார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கும்.

காய் எண்ணிக்கைக்கும் குறை உண்டு. எங்கே குறைவு என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. கிணற்றடித் தென்னையைப் பாருங்கள். எந்த வளவிலும் அதுதான் நன்றாகக் காய்க்கும். அதற்குக் காரணம் தண்ணீரா, சமையல் கழிவா, அடியில் குவித்த பொச்சா (தேங்காயின் நார் உறை)? தேங்காய்க்குள் போகிற பொட்டாசியத்தில் பெரும்பங்கு பொச்சில்தான் தங்குகிறது. பொச்சைத் தும்பு ஆலைக்கு ஏற்றிவிட்டு மூட்டைப் பொட்டாஷ் வாங்குவது நம் பகுதியில் வழக்கமாகிவிட்டது. வெள்ளை மணலில் பொச்சைக் குழிவெட்டித் தாழ்ப்பது சத்தையும் ஈரத்தையும் சேர்த்தே பிடித்துவைக்கும். எந்தப் பரிசோதனை செய்தாலும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யலாம்.

என் முடிவு இது: முதலில் எண்ணுங்கள், பிறகு எண்ணிக்கை பிளக்கும் இடத்தில் மட்டும் மண் எடுங்கள். மூன்று பகுதிக்கு மூன்று மாதிரி போதும். மண் எடுக்கும் முறையைத் தென்னைப் பயிர்ச்செய்கைச் சபை உத்தியோகத்தரிடம் கேட்கலாம். ஓலைப் பரிசோதனை, மண் நன்றாக இருந்தும் காய் இல்லாத பகுதிக்கு மட்டும். நாங்கள் அதே கலவையைத்தான் போடுகிறோம். கடல் பக்கத்துக்குரியதை இரண்டாகப் பிரித்து, பாதியை முதல் மழைக்கும் மீதியைப் பெருமழை ஓய்ந்த தை மாதத்திலும் போடுகிறோம். வாவிப் பக்கத்துக்குரிய காசில் இந்த வருடம் வாய்க்கால் வெட்டினோம். பலன் தெரிய இன்னும் இரண்டு வருடமாவது ஆகும். கொப்பியில் அதற்கான பக்கங்களைக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.