38,500 ரூபாய் போச்சு, அம்மாவுக்கு மூட்டு வியாதியே இல்லை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சேலத்துக்காரர்கள் கட்டாயம் படியுங்கள்.

அம்மாவுக்கு 56 வயது. அம்மாப்பேட்டையில் வீடு. தை மாதத்திலிருந்து டவுன் பஸ் படியில் கால் தூக்கி வைக்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றி, சுவரைப் பிடித்துத்தான் எழுவார். தலை வாரக் கை மேலே போகாது. பாதியில் சீப்பை என்னிடம் நீட்டிவிடுவார். வலி என்று பெரிதாகச் சொன்னதில்லை. "பலமே இல்ல கண்ணு" என்பார். கண் இமை ஊதாவாகக் கன்றியிருந்தது, விரல் கணுக்களின் மேல் செதில் செதிலாகச் சிவப்பு. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம்.

மூட்டு, நரம்புக்கு என்று போர்டு மாட்டிய ஒரு தனியார் மையம். பெயர் வேண்டாம். அங்கிருந்தவர் அம்மாவின் காலை எடுத்துத் தன் மடியிலேயே வைத்து அமுக்கிப் பார்த்தார். "நம்ம அம்மா மாதிரிங்க. மூணு மாசத்துல ஏற்காடு கொண்டை ஊசி வளைவு இருபதையும் நடந்தே ஏறுவாங்க." மடியில் கால் வைத்தாரே, அதில்தான் விழுந்தேன். வளையலை அடகு வைத்து 38,500 ரூபாயையும் ஒரே தவணையில் கட்டினேன். ரசீது என்று ஒரு துண்டுச் சீட்டு.

ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி (கல்லீரலுக்கு என்று பார்க்கிற என்சைம்கள்) ஏறியிருந்தன. "கல்லீரல் சூடு" என்று அதற்கும் ஒரு பொடி. தசை சிதைந்தாலும் அவை ஏறும் என்று எனக்கு எங்கே தெரியும்? 7 வாரம் எண்ணெய், மின்சார மசாஜ். கடைசியில் தண்ணீர் குடித்தாலே புரை ஏறியது. போன் போட்டால் "சார் கேம்ப்ல இருக்காருங்க". நேரில் போனால் "உடம்பு கழிவைத் தள்ளுதுங்க, அப்படித்தான் இருக்கும்". பணத்தைக் கேட்டதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா இமையையும் விரலையும் பார்த்த உடனே சிகே பரிசோதனை எழுதினார். தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறுகிற என்சைமாம் அது. 200 பக்கம் இருக்க வேண்டியது 6,000-ஐத் தாண்டியிருந்தது. டெர்மட்டோமயோசைடிஸாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தசையையும் தோலையும் தாக்குகிற நோய். எம்ஆர்ஐ, ஆன்டிபாடி, நுரையீரலுக்கு சிடி எல்லாம் நடக்கிறது. எங்காவது புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்றும் தேடுகிறார்கள். ஸ்டீராய்டு தொடங்கியாயிற்று. "ரெண்டு மாசம் முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார் டாக்டரம்மா. 38,500 கொடுத்து அந்த இரண்டு மாதத்தைத் தொலைத்திருக்கிறேன்.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், அம்மாவுக்குக் கஞ்சி கொடுக்க நேரமாகிவிட்டது. வலியைவிடப் பலவீனம் அதிகமா, அதுவும் தொடையிலும் தோளிலுமா? சிகே பார்க்கச் சொல்லுங்கள். ருமட்டாலஜி டாக்டரை, அதாவது மூட்டு, தசை, எதிர்ப்புச் சக்தி நோய்களைப் பார்க்கிறவரைத் தேடுங்கள். விழுங்கச் சிரமமோ மூச்சுத் திணறலோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். அந்த 38,500 இனி வராது, தெரியும். வளையலுக்கு வட்டி கட்டுகிற தேதி மட்டும் மாதாமாதம் வருகிறது.