நியூயார்க் நடைபாதையில் இலவச வைஃபை: லிங்க்என்ஒய்சி சேவை மதிப்புரை

நியூயார்க் நகரில் முன்பு காசு போட்டுப் பேசும் தொலைபேசிகள் நின்ற நடைபாதைகளில், இப்போது ஒன்பதரை அடி உயரத்தில் ஒல்லியான உலோகத் தூண்கள் நிற்கின்றன. இரு பக்கமும் 55 அங்குலத் திரைகளில் விளம்பரங்கள் மாறிக்கொண்டே இருக்கும். குறுகிய பக்கத்தில் ஒரு டேப்லெட், போனுக்கு மின்னேற்ற யூஎஸ்பி துளைகள், 911 அவசர உதவிக்கு ஒரு சிவப்புப் பொத்தான் ஆகியவை இருக்கும். 2016 பிப்ரவரியில் மக்கள் பயன்பாட்டுக்கு வந்த இச்சேவையின் பெயர் லிங்க்என்ஒய்சி. சுமார் 150 அடி தொலைவு வரை எட்டும் இதன் வைஃபைக்குக் கட்டணம் இல்லை; நேர வரம்பும் இல்லை.

சேவை என்ற அளவில் இதைத் தயங்காமல் பாராட்டலாம். ஒரு கிகாபிட் வரை வேகம் தரும் கண்ணாடி இழை இணைப்பு தூணுக்கே வருவதால், காப்பிக் கடைகளிலும் விடுதிகளிலும் கிடைக்கும் இணைப்பு இதன் அருகில் வர முடியாது. மகனையோ மகளையோ பார்க்க ஊரிலிருந்து வந்து, உள்ளூர் சிம் வாங்காமல் ரோமிங்கை அணைத்து வைத்திருக்கும் பெற்றோருக்கு, மன்ஹாட்டனில் நின்றபடியே வாட்ஸ்அப்பில் மதுரைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பேச இது போதும். தூணிலிருந்தே இலவசமாகப் பேசும் வசதி அமெரிக்காவுக்குள் மட்டும்தான். டேப்லெட்டில் இணையத்தை உலவும் வசதியும் தொடக்கத்தில் இருந்தது. சிலர் மணிக்கணக்கில் அங்கேயே அமர்ந்து ஆபாசப் படங்கள் பார்ப்பதாகப் புகார்கள் குவிந்ததால், 2016 செப்டம்பரில் அதை நீக்கிவிட்டார்கள்.

காசு வாங்காமல் இதை நடத்துவது எப்படி என்பதுதான் அடுத்த கேள்வி. சிட்டிபிரிட்ஜ் என்னும் கூட்டமைப்பு 2014 நவம்பரில் நகராட்சியிடமிருந்து இந்த உரிமையைப் பெற்றபோது, தூண்களை நிறுவும் செலவு முழுவதையும் தானே ஏற்று, 12 ஆண்டுகளில் நகரின் கருவூலத்துக்கு 50 கோடி டாலர் வருவாய் சேர்த்துத் தருவதாகச் சொன்னது. எல்லாம் அந்த 55 அங்குலத் திரைகளை நம்பிப் போட்ட கணக்கு. கூட்டமைப்பில் இருந்த விளம்பர நிறுவனமான டைட்டன், தொழில்நுட்ப நிறுவனமான கன்ட்ரோல் குரூப் ஆகிய இரண்டையும் 2015இல் இணைத்து இன்டர்செக்ஷன் என்ற நிறுவனமாக்கியது, கூகுளின் உறவு நிறுவனமான சைட்வாக் லேப்ஸ் தலைமையிலான முதலீட்டாளர் குழு. விளம்பரத்தை யார் பார்க்கிறார்கள் என்று அறிந்துகொள்வதிலேயே வளர்ந்த தொழில் இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு படிக்க வேண்டும்.

டைட்டனுக்கு ஒரு முன்கதையும் உண்டு. உரிமை கிடைப்பதற்கு முந்தைய மாதம், 2014 அக்டோபரில், அந்நிறுவனம் மன்ஹாட்டனின் சுமார் 500 தொலைபேசிக் கூண்டுகளில், கடந்து செல்வோரின் போன்களோடு தொடர்புகொள்ளக்கூடிய புளூடூத் பீக்கன்கள் என்னும் சிறு சமிக்ஞைக் கருவிகளைப் பொதுமக்களுக்குத் தெரிவிக்காமல் பொருத்தியிருந்தது செய்தியானது. செய்தி வந்தவுடன் அவற்றை அகற்றும்படி மேயர் அலுவலகம் சொன்னது. அடுத்த மாதமே அதே நிறுவனம் இடம்பெற்ற கூட்டமைப்புக்கு நகரம் முழுவதும் தூண் நாட்டும் உரிமையும் கிடைத்தது. எனக்கு இது இன்றும் வியப்புத்தான்.

இணைவதற்கு ஒரு மின்னஞ்சல் முகவரி கேட்பார்கள். முதலில் வெளியிட்ட தனியுரிமைக் கொள்கை, தரவைத் திரட்டவும் நெடுநாள் வைத்திருக்கவும் தாராளமாக இடம் கொடுத்தது என்று, குடிமக்கள் உரிமைக்காகப் போராடும் நியூயார்க் சிவில் லிபர்ட்டீஸ் யூனியன் 2016 மார்ச்சில் நகராட்சிக்குக் கடிதம் எழுதியது. ஓராண்டு கழித்து, 2017இல், கொள்கையைத் திருத்தி, பயனர் எந்தெந்தத் தளங்களைப் பார்த்தார் என்ற வரலாற்றைச் சேகரிப்பதில்லை என்று எழுதினார்கள். தூண்களில் உள்ள கேமராக்களின் பதிவுகள், ஏதேனும் சம்பவத்தை விசாரிக்கத் தேவைப்பட்டால் ஒழிய, ஏழு நாளுக்குமேல் வைக்கப்படுவதில்லை என்றும் கொள்கை சொல்கிறது. இவை நல்ல வாக்குறுதிகள்தாம். ஆனால் கருவியால் எதைச் செய்ய முடியும் என்பது 2016இல் இருந்தபடியேதான் இருக்கிறது. மாறியது எழுத்து மட்டும். அழுத்தம் கொடுத்து மாற்றிய எழுத்தை, அழுத்தம் குறைந்த நாளில் திரும்பவும் மாற்றலாம். 2018இல், போன்களின் இருப்பிடத்தைப் பின்தொடர உதவும் வகையில் எழுதிய நிரல் ஒன்று பொதுவெளியில் கிடந்ததை ஒரு கல்லூரி மாணவர் கண்டெடுத்தபோது, அது வெறும் சோதனை முயற்சி, எந்தத் தூணிலும் இயங்கவில்லை என்று இன்டர்செக்ஷன் விளக்கம் தந்தது. அதை நம்புவதாகவே வைத்துக்கொண்டாலும், அப்படியொரு சோதனையை எழுதிப் பார்க்கத் தோன்றியது என்பது மிஞ்சுகிறது.

தூண்கள் இரண்டு வலைப்பின்னல்களை வழங்குகின்றன. ஒன்று திறந்தது, அதில் போனுக்கும் தூணுக்கும் இடையே காற்றில் செல்லும் எதுவும் மறையாக்கம் செய்யப்படுவதில்லை, அதாவது பிறர் படிக்க முடியாத வடிவத்துக்கு மாற்றப்படுவதில்லை. இன்றைய தளங்கள் பெரும்பாலும் தாங்களே மறையாக்கம் செய்யும் எச்டிடிபிஎஸ் முறையில் இயங்குவதால் வங்கிக் கடவுச்சொல் வெளியே தெரியாது என்றாலும், எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்ற பெயர் பெரும்பாலும் தெரிந்துவிடும். அருகில் நின்று மென்பொருளால் காற்றைக் கவனிப்பவருக்கும் அது எட்டும். லிங்க்என்ஒய்சி பிரைவேட் என்ற மற்றொன்று, ஒரு சிறு அமைப்புக் கோப்பைப் போனில் நிறுவியபின் மறையாக்கத்துடன் இணைகிறது. இதையே பயன்படுத்துங்கள் என்று நானும் சொல்வேன். ஆனால் அது உங்களைப் பக்கத்தில் நிற்பவரிடமிருந்து காக்கிறதே தவிர, தூணின் உரிமையாளரிடமிருந்து அல்ல. அவரிடமிருந்தும் மறைய வேண்டுமானால் உங்கள் போக்குவரத்து முழுவதையும் மறையாக்கம் செய்து வேறொரு கணினி வழியே அனுப்பும் நம்பகமான விபிஎன் சேவை ஒன்று வேண்டும்.

விபிஎன்னாலும் மறைக்க முடியாதது ஒன்று இருக்கிறது: நீங்கள் இருக்கும் இடம். எந்தத் தூணோடு இணைந்தீர்கள் என்பதே நீங்கள் நிற்கும் தெருமுனையைச் சொல்லிவிடும். இதற்கு ஜிபிஎஸ் தேவையில்லை. ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 10 ஆகியவற்றிலிருந்து போன்கள் தங்களை அடையாளம் காட்டும் உண்மையான வைஃபை முகவரிக்குப் பதிலாக ஒரு மாற்று எண்ணைக் காட்டுகின்றன என்று நிம்மதி அடைபவர்கள், அந்த மாற்று எண் வலைப்பின்னலின் பெயருக்கு ஒன்றாக அமைவது என்பதைக் கவனிப்பதில்லை. நகரெங்கும் நிற்கும் 1,800 அளவிலான தூண்களும் ஒரே பெயரில் இயங்குவதால், காலையில் யூனியன் சதுக்கத்தில் காட்டிய எண்ணையே மாலையில் ஹார்லெமிலும் உங்கள் போன் காட்டக்கூடும். திறந்த வலைப்பின்னல்களில் இந்த எண்ணை அவ்வப்போது மாற்றிக்கொள்ளும் வசதி ஐபோன்களுக்கு ஐஓஎஸ் 18இல்தான் வந்தது. மருத்துவமனை, வழக்கறிஞர் அலுவலகம், வழிபாட்டுத் தலம், போராட்டக் களம் என்று ஒருவர் போகும் இடங்களின் வரிசை, அவர் படித்த பக்கங்களைவிடக் கூடுதலாகவே அவரைப் பற்றிச் சொல்லும். குடியுரிமை தொடர்பாக அஞ்சி வாழ்பவர்களுக்கு இது வெறும் கோட்பாட்டுக் கவலை அல்ல.

பணக் கணக்கும் எதிர்பார்த்தபடி அமையவில்லை. 7,500 தூண்கள் என்பது திட்டம். நிறுவியது அதில் நான்கில் ஒரு பங்கு அளவே, அதிலும் பெரும்பான்மை மன்ஹாட்டனில். சிட்டிபிரிட்ஜ் தர வேண்டிய பாக்கி பல பத்து மில்லியன் டாலர்கள் என்று 2020இல் நகராட்சி அதிகாரிகளே சொன்னார்கள். பிறகு ஒப்பந்தத்தைத் திருத்தி, 2022 முதல் 32 அடி உயர 5ஜி கோபுரங்களை நிறுவத் தொடங்கினார்கள். விளம்பரம் போதிய வருவாய் தராத இடத்தில், அடுத்து எதை விற்கலாம் என்ற யோசனை எழுவது இயல்பு. ஆகவே கொள்கை ஆவணத்தில் திருத்தத் தேதி மாறும்போதெல்லாம் படித்துப் பார்ப்பது நல்லது.

என் மதிப்பீடு: இணைப்புக்கு ஐந்தில் நாலரை, தனியுரிமைக்கு இரண்டரை. சுற்றுலா வந்தவர்கள் வழி தேடவும் வீட்டுக்குப் பேசவும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அன்றாடம் புழங்காத ஒரு மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள். தானாக இணையும் அமைப்பை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் சட்டைப்பையில் கிடக்கும் போன் நீங்கள் அறியாமலே தூண்தோறும் வருகைப்பதிவு செய்துகொண்டே போகும். நகரை விட்டுக் கிளம்பும்போது, சேமித்த வலைப்பின்னல் பட்டியலிலிருந்து பெயரை நீக்குவதோடு நிறுத்தாமல், பிரைவேட் இணைப்புக்காக நிறுவிய அமைப்புக் கோப்பையும் தேடி அழித்துவிடுங்கள்; ஐபோனில் அது வைஃபை பக்கத்தில் அல்ல, பொது அமைப்புகளுக்குள் இருக்கும்.