எஸ்எஸ்டி தேய்ந்து சாவதில்லை: நெடுநாள் ஓட்டத்தில் தெரிவது

எஸ்எஸ்டி (டேட்டாவை மெமரி சிப்பில் வைக்கும் டிரைவ்) வாங்கும்போது எல்லோரும் முதலில் தேடுவது டிபிடபிள்யூ எண்ணைத்தான், அதாவது மொத்தம் எத்தனை டிபி எழுதலாம் என்ற கணக்கு. 1 டிபி டிஎல்சி (செல்லுக்கு 3 பிட் வைக்கும் வகை) டிரைவுக்குப் பொதுவாக 600 டிபி என்று போட்டிருக்கும். தினம் 30 ஜிபி எழுதினாலும் அதை எட்ட 50 ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்கு வெகு முன்பே கன்ட்ரோலரோ (டிரைவை நடத்தும் சிப்), ஃபர்ம்வேரோ (அதற்குள் ஓடும் மென்பொருள்), கரன்ட்டோ கதையை முடித்துவிடுகிறது.

ஃபர்ம்வேருக்கு உதாரணமாக, சர்வர் நிறுவனமான ஹெச்பிஇ 2019-இல் விட்ட எச்சரிக்கையே போதும். ஃபர்ம்வேர் பிழையால் சில எஸ்ஏஎஸ் (சர்வர் வகை) மாடல்கள் 32,768 மணி நேரம் ஓடியதும் அப்படியே செத்துவிடும், டேட்டாவும் திரும்பாது என்றது அது. ஒரே நாளில் மாட்டிய டிரைவுகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போகும் என்பதால் அங்கே ரெய்டு (ஒரு டிரைவ் போனாலும் மற்றவை டேட்டாவைக் காக்கும் ஏற்பாடு) இருந்தும் பயனில்லை. ஃபர்ம்வேர் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். போடும் முன் பேக்கப் எடுத்துவிடுங்கள்.

கரன்ட் விஷயம் இன்னும் மோசம். எந்த டேட்டா எந்த பிளாக்கில் இருக்கிறது என்ற மேப்பிங் டேபிளை கன்ட்ரோலர் அடிக்கடி திருத்தி எழுதும். அந்த நேரத்தில் கரன்ட் போனால் டேபிள் குழம்பி, பயாஸில் (கம்ப்யூட்டரின் தொடக்க அமைப்புத் திரை) டிரைவே தெரியாமல் போகலாம். சர்வர் டிரைவுகளில் இதற்கென்றே, கரன்ட் போனதும் கொஞ்ச நேரம் பவர் தரும் கெபாசிட்டர் வைப்பார்கள். சாதாரண டிரைவில் பெரும்பாலும் இருக்காது. சாட்டா டிரைவ் (டேட்டா, பவர் என்று தனித்தனி கேபிளில் மாட்டும் வகை) இப்படிக் காணாமல் போனால் டேட்டா கேபிளைக் கழற்றிவிட்டு, பவர் மட்டும் கொடுத்து 20 நிமிடம் விடுங்கள். 30 விநாடி பவரை நிறுத்தி, மறுபடி 20 நிமிடம். டேபிளைச் சரிசெய்துகொள்ள கன்ட்ரோலருக்கு அவகாசம் கிடைக்கும். சிலசமயம் உயிர் வரும், வந்தால் முதல் வேலை டேட்டாவை வெளியே எடுப்பது. சிப்பே எரிந்திருந்தால் இது உதவாது.

ஹெல்த் 98% என்று காட்டுவதை நம்பி உட்காராதீர்கள். என்விஎம்இ (சாட்டாவை விட வேகமான வகை) டிரைவில் அது எழுதித் தேய்ந்த கணக்கு மட்டுமே. டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் ‘மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்’ பூஜ்யத்தைத் தாண்டி ஏறினாலோ, ‘அவைலபிள் ஸ்பேர்’ (மீதமுள்ள மாற்று பிளாக்குகளின் சதவீதம்) 100-இலிருந்து இறங்கிக்கொண்டே போனாலோ புது டிரைவுக்கு ஏற்பாடு செய்யுங்கள். ‘அன்சேஃப் ஷட்டவுன்ஸ்’ மளமளவென்று ஏறினால் டிரைவைத் திட்டும் முன் பவர் சப்ளையையும் யுபிஎஸ்ஸையும் பாருங்கள்.

சூடு, பெரும்பாலும் வேகத்தைத்தான் முதலில் குறைக்கும். மலிவு ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) ஒன்று போதும். கியூஎல்சி (செல்லுக்கு 4 பிட் வைக்கும் வகை) டிரைவை முழுக்க நிரப்பாமல் 15% காலியாக விடுங்கள்.

பழைய படங்களைப் போட்டு டிரைவைப் பெட்டிக்குள் பூட்டுவது வேண்டாம். டிபிடபிள்யூ முழுக்கத் தீர்ந்த சாதாரண டிரைவ், கரன்ட் இல்லாமல் 30 டிகிரியில் 1 ஆண்டு டேட்டாவைத் தாங்கினால் போதும் என்பதே சிப் துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரம். புது டிரைவ் அதைவிட நீண்ட நாள் தாங்கும். ஆனாலும் அந்த வேலைக்கு ஹார்ட் டிஸ்க்தான் சரி.