அஞ்செட்டி ஓடையில் டர்பைன்: சில மழைக்காலம் ஓட்டிப் பார்த்தபின்

கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டி மலைப்பக்கம், கரண்ட் கம்பம் எட்டாத எங்கள் கொல்லையில், ஓடைத் தண்ணீர் விழும் வேகத்தில் சுழன்று கரண்ட் தரும் சின்ன டர்பைன் வைத்துச் சில வருஷம் ஆகிறது. விசாரிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கள் பக்கத்து ஓடையை நம்பி வருஷம் முழுக்கக் கரண்ட் எடுக்க முடியாது. ஆடி ஆவணியில் தண்ணீர் பிடித்து, ஐப்பசி கார்த்திகையில் முழுசாக ஓடி, மாசியில் நூலாக இளைத்துவிடும். பங்குனி, சித்திரையில் டர்பைனுக்கு லீவுதான்.

அப்புறம் எதற்கு இது? ஒரு கிலோவாட் சோலார் பேனலும் வைத்திருக்கிறோம். நல்ல வெயிலில் நாளுக்கு 4 யூனிட்டுக்குக் குறையாது. அடைமழை பிடித்தால் ஒரு யூனிட் தேறுவதே பாடு. ஓடை பெருகுவது அப்போதுதான். வெயில் காலத்தைப் பேனலும் மழைக்காலத்தை டர்பைனும் பார்த்துக்கொள்கின்றன. பேட்டரி, இன்வெர்ட்டர் இரண்டுக்கும் பொது.

கணக்கு எளிது. தண்ணீர் விழும் உயரம் மீட்டரில், வரத்து வினாடிக்கு எத்தனை லிட்டர், இரண்டையும் பெருக்கி 9.81ஆல் பெருக்கினால் வாட். சின்ன டர்பைனில் அதில் பாதி கைக்கு வந்தால் சரி. எங்களுக்கு 22 மீட்டர் உயரம், கார்த்திகையில் 6 லிட்டர் வரத்து. கிடைப்பது சுமார் 650 வாட். ராத்திரி பகல் ஓடுவதால் நாளுக்கு 15 யூனிட். ஃபிரிட்ஜ், கிரைண்டர், டிவி, விளக்குக்குத் தாராளம். 5 எச்பி போர் மோட்டாரை இதில் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

செலவில் பெரும்பங்கு குழாய்க்கே போயிற்று. 63 எம்எம் போட்டால் மலிவு, ஆனால் உராய்விலேயே பாதி உயரம் போய்விடும். அதனால் 110 எம்எம். வெயில் படும் இடத்தில் பிவிசி நாளடைவில் மொரமொரப்பாகிவிடும், எச்டிபிஇ என்கிற கறுப்புப் பிளாஸ்டிக் குழாய் தாங்கும். ராகி முற்றும் சமயத்தில் யானை இறங்கும் ஊர் இது. பாறை தட்டிப் புதைக்க முடியாமல் விட்ட இடத்தில் குழாய் யானையிடம் ஒரு மிதி வாங்கியது; அத்தோடு அதன் கதை முடிந்தது.

டர்பைன் பெரிதாகத் தொல்லை தரவில்லை. தொல்லையெல்லாம் மேலே, தண்ணீர் எடுக்கும் வாயில். காற்றடித்த மறுநாள் சல்லடை முழுக்க இலை, மழை பெய்த மறுநாள் தொட்டி முழுக்க மணல். கீழே பிரஷர் கேஜ் ஒன்று கட்டாயம் வையுங்கள். எங்களுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும். பிரஷரும் வாட்டும் சேர்ந்து இறங்கினால் மேலே இலை. பிரஷர் ஏறி வாட் மட்டும் இறங்கினால், டர்பைன் மேல் தண்ணீர் பீய்ச்சும் நாசிலில் கல். மழையில் எந்தப் பக்கம் ஓடுவது என்று முள்ளே சொல்லிவிடும். வால்வை மட்டும் சட்டென மூடாதீர்கள், குழாய் வெடிக்கும்.

பேட்டரி நிரம்பியதும் மிச்ச கரண்ட் வெந்நீர்த் தொட்டியின் சூடேற்றும் காயிலுக்குப் போகும். டர்பைனைச் சுமையில்லாமல் விட்டால் கண்டபடி வேகமெடுக்கும் என்பதால் இந்த ஏற்பாடு. மார்கழிக் குளிரில் வீட்டில் இதற்குத்தான் மவுசு.

ஓடை புறம்போக்கு, அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. காப்புக்காட்டுக்குள் குழாய் போகவே கூடாது. கீழ்க்கொல்லை அண்ணன், “தண்ணி திரும்ப ஓடைக்கே வருதுன்னு சொல்ற, நடுவுல என் மாடு எங்க தண்ணி குடிக்கும்?” என்றார். நியாயமான கேள்வி. தண்ணீர் எடுக்கும் வாய்க்கும் டர்பைனுக்கும் நடுவே ஓடை காயாதபடி ஒரு பங்கை விட்டுவிட்டுத்தான் எடுக்கிறோம்.

வீட்டுக்கு லைன் வந்துவிட்டவர்களுக்கு இது தேவையில்லை. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும்போது இந்த மணல் அள்ளும் வேலை கட்டாது. லைன் இல்லாதவர்கள், ஓடையைத் தை மாதம் போய் அளந்து பாருங்கள், கார்த்திகையில் வேண்டாம். டர்பைன் வாங்கும்முன் அதன் பேரிங் நம்பரைக் கேட்டு, அது ஓசூர் கடையில் கிடைக்குமா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.