பிளக்கைக் கழற்றிவிட்டுக் கயிறு இழுத்துக் காட்டினால் நம்பாதீர்கள்

காவேரிப்பட்டினம் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. பெரும்பாலும் பெங்களூரா, வேலியோரம் நாலைந்து செந்தூரா. காய் இறங்கி, நாலு மழை விழுந்துவிட்டால் போதும், மரத்தடியில் பார்த்தீனியமும் கோரையும் இடுப்புக்கு வந்துவிடும். ஆள் விட்டு வெட்டினால் கட்டுப்படி ஆகாது என்று ஏழு வருடத்துக்கு முன் தோளில் மாட்டும் புல் வெட்டும் மெஷின் ஒன்று வாங்கினேன். டூ ஸ்ட்ரோக், 52 சிசி. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் வகை.

இந்த வருடம் மோட்டார் ரூமிலிருந்து எடுத்து இழுக்கிறேன், இழுக்கிறேன், ஸ்டார்ட் ஆகவில்லை. சோக் போட்டு இழுத்தால் ஒரு தடவை பொத்தென்று பிடித்து அணைந்துவிடும். தோள்பட்டை போனதுதான் மிச்சம். அடுத்த நாள் கிருஷ்ணகிரி டவுனுக்குக் கொண்டுபோனேன். கடை பெயர் வேண்டாம், தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே வித்தையை எந்த ஊர்க் கடையிலும் செய்யலாம்.

பையன் பிளக்கைக் கழற்றினான். கழற்றிய கையோடு கயிற்றை இழுத்தான். சர்ரென்று வந்தது. "பாருங்கணா, எவ்ளோ லூசா வருது. கம்ப்ரஷனே இல்லணா, பிஸ்டன் போச்சு" என்றான். உள்ளே பிஸ்டன் காற்றை அழுத்தும் அழுத்தமே இல்லை என்கிறான். நானும் இழுத்துப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி வந்தது. அப்புறம் பிளக்கை வயர் மூடியில் செருகி, அந்தரத்தில் தொங்கவிட்டபடி மறுபடி இழுத்தான். நெருப்புப் பொறி இல்லை. "கரண்ட்டும் வரலணா, காயிலும் போச்சு." பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் சுருள்தான் காயில். கண்ணால் பார்த்ததை எப்படி மறுப்பது? சரி என்று விட்டுவிட்டு வந்தேன்.

நாலு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். பிளாக் பிஸ்டன் செட் (பிஸ்டனும் அது ஓடும் உருளையும்) 2,200, காயில் 850, கார்புரேட்டர் சர்வீஸ் 400, கூலி 500. மொத்தம் 3,950 ரூபாய், ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்கள். பில் கேட்கவில்லை, அது என் மடத்தனம். கடை வாசலில் ஸ்டார்ட் செய்தும் காட்டினார்கள், ஒரு நிமிடம் ஓடியது. ரேஸ் கொடுக்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டான். "புது பிளாக்குணா, ரெண்டு நாள் மெதுவா ஓட்டுங்க."

தோப்பில் போய் ரேஸ் கொடுத்ததும் மூச்சு முட்டியது போல அடங்கி நின்றது. அதற்குப் பிறகு எத்தனை இழுத்தும் பிடிக்கவில்லை.

பக்கத்துத் தோப்பு மாமா ஓசூரில் 1980இல் டிவிஎஸ் 50 வந்த காலத்திலிருந்து டூ ஸ்ட்ரோக் வண்டி பிரித்தவர். இப்போது முட்டி வலி, கயிற்றுக் கட்டிலை விட்டு எழுவதில்லை. மெஷினைக் கட்டிலுக்கே கொண்டுபோனேன். கடையில் நடந்ததைச் சொன்னதும் சிரித்தார். "பிளக்கை எடுத்துட்டா ஓட்டை திறந்துருக்கும்டா. புது மெஷினா இருந்தாலும் கயிறு லூசாத்தான் வரும்."

பிளக்கை இறுக்கி மாட்டச் சொன்னார். பிறகு மெஷினைத் தரையில் விட்டுவிட்டுக் கயிற்றுப் பிடியை மட்டும் பிடித்துத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். மெஷின் கயிற்றில் தொங்கி நின்றது, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கம்ப்ரஷன் போயிருந்தால் தங்காமல் இறங்கிவிடுமாம். கரண்ட் விஷயமும் அப்படித்தான். பிளக்கின் மரை, எஞ்சின் இரும்பில் தொட்டபடி இருந்தால்தான் பொறி தெரியும். எர்த் இல்லாமல் தொங்கவிட்டால் நல்ல காயிலும் பொறி காட்டாது. நிழலில் வைத்து, டேங்க் மூடியை இறுக்கிவிட்டு, மரையை எஞ்சின் மேல் அழுத்தி இழுத்தோம். நீலமாகப் பளிச்சென்று வந்தது.

பிளக் நுனி ஈரமாக இருந்தது. காய்ந்து இருந்தால் பெட்ரோல் மேலே வரவில்லை என்று பொருள்: டேங்குக்குள் இருக்கும் பில்டர், வெடித்துப்போன டியூப், கார்புரேட்டரில் விறைத்துப்போன டயாபிரம் என்ற சவ்வு என்று தேட வேண்டும். ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, கரண்ட்டும் வருகிறது, பிறகு புகை போகும் வழியைத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

சைலன்சர் மூடியைக் கழற்றினோம். வாயில் பாதிக்கு மேல் களிமண். குளவிக் கூடு! மோட்டார் ரூமில் எட்டு மாதம் கிடந்ததில் குளவி குடும்பம் நடத்தியிருக்கிறது. மிச்சம் இருந்த சந்தில் இருந்த சல்லடை வலையைக் கரி அடைத்திருந்தது. டிவிஎஸ் 50 வைத்திருந்தவர்களுக்கு இது புதிதல்ல, சைலன்சரைக் கழற்றி நெருப்பில் போட்டுக் கரியை எரித்தெடுப்பார்கள். நாங்கள் வலையை மட்டும் கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தட்டினோம்.

எனக்கு வயிறு எரிந்தது கூட்டைப் பார்த்து அல்ல, போல்ட்டைப் பார்த்து. புது பிளாக் மாட்டினால் சைலன்சரைக் கழற்றாமல் முடியாது. அந்த இரண்டு ஆலன் போல்ட்டின் குழிக்குள்ளும் பழைய செம்மண் கல்லாக இறுகிக் கிடந்தது, குத்தூசியால் தோண்டித்தான் கீயை நுழைத்தோம். புகை வரும் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தால் பிஸ்டன் தலையில் ஏழு வருடக் கரி. காயில் ஸ்குரூவில் துரு. ஆக, அவர்கள் செய்தது பிளக்கைத் துடைத்துப் புது பெட்ரோல் ஊற்றியது மட்டும்தான். பழைய கலவை கெட்டுப் போயிருந்தது உண்மை, அதையும் சொல்ல வேண்டும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் விட்டது என் தப்பு.

திரும்பக் கடைக்குப் போய்ப் பழைய பிஸ்டனைக் கொடு என்றேன். காயலான் கூடையைக் கிண்டி ஒன்றை எடுத்து நீட்டினான். வாங்கிக்கொண்டு வந்து மாமாவிடம் காட்டினேன். மூன்று ரிங் காடி, கடைசிக் காடியில் ஆயில் வடிய ஓட்டைகள். "இது ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குதுடா" என்றார். பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓடும் நம் மெஷினுக்கு ஆயில் ரிங் எதற்கு? இரண்டு ரிங்தான் இருக்கும்.

அதைக் கையில் பிடித்துக்கொண்டு மறுநாள் கடையில், நாலு வாடிக்கையாளர் முன்னால், கொஞ்சம் சத்தமாகவே பேசினேன். 1,500 ரூபாய் திரும்ப வந்தது. தம்பி மகன் 1915க்குப் போன் போட்டு நுகர்வோர் புகார் கொடுக்கச் சொன்னான். சிகரெட் அட்டையை வைத்து என்ன புகார் கொடுப்பது? மிச்சம் 2,450 போனது போனதுதான்.

மெஷின் இப்போது இரண்டாவது இழுப்பில் பிடிக்கிறது. வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, ஓடி அணையும் வரை விட்டு, ஆறிய பிறகு சைலன்சர் வாயில் துணி அடைத்து வைக்கிறேன். துணியின் மறு நுனியைக் கயிற்றுப் பிடியில் கட்டிவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும், இல்லாவிட்டால் அடுத்த வருடம் துணியோடேயே இழுத்துக்கொண்டு நிற்பேன்.